மகராசனுக்கு ஒரு நோவும் இல்லை

ஜூன் 9, திங்கள்

தீவனக் கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த டைரி இது. இத்தனை மாதமாகப் பருத்திக்கொட்டை மூட்டைமேல் தூசி தின்றுகொண்டு கிடந்தது. இன்று எடுத்துவிட்டேன். யாரையாவது கடித்துக் குதற வேண்டும் போல இருக்கிறது. ஏற்கெனவே ஒருவரைக் கடித்தும் ஆகிவிட்டது.

காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். நாலு முடிந்து ஐந்து நடக்கிறது, செக்கப். சில வாரமாகவே அரிப்பு, ஒன்றுக்குப் போனால் எரிச்சல், பச்சையும் மஞ்சளுமாக நுரைத்துப் படுகிறது, ஒரு நாற்றம். என் மாமியார், அத்தை, இதற்கு வைத்த பெயர் சூடு. வெந்தயமும் இளநீரும் ஊற்றி ஊற்றி என் வயிற்றைக் குளமாக்கிவிட்டார். இன்று வெட்கத்தை மென்று தின்றுவிட்டு டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் பஞ்சுக்குச்சியில் எடுத்து லேப்புக்குக் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் என்னையே கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். தலைப்பிரட்டை மாதிரி ஏதோ வாலை அடித்துக்கொண்டு குடுகுடுவென்று ஓடியது. எனக்குள் இருந்து வந்தது அது.

“இது சூடு இல்லம்மா. டிரைக்கோமோனியாசிஸ்னு பேரு. ஒட்டுண்ணி. புருசன் பொண்டாட்டி சேரும்போது ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தருக்கு ஒட்டும். நிறையப் பேருக்கு இருக்கறதுதான். ஒரு வாரம் மாத்திரை போட்டா போயிடும்.”

“அவருக்கு ஒண்ணுமே இல்லீங்களே?”

“ஆம்பளைங்களுக்குப் பெரும்பாலும் ஒண்ணும் தெரியாது. பாக்க நல்லாத்தான் இருப்பாங்க. மாசக்கணக்கா, சில பேருக்கு வருசக்கணக்காக் கூட உள்ள இருக்கும். யாருக்கு முதல்ல வந்துச்சுன்னு எந்த டெஸ்ட்டும் சொல்லாது. அந்த ஆராய்ச்சியே வேண்டாம். ரெண்டு பேரும் ஒரே சமயத்துல சாப்பிடணும். நீ மட்டும் சாப்பிட்டா மறுபடியும் அவர்கிட்ட இருந்து உனக்கு வரும்.”

போன பிள்ளை ஏழாம் மாதத்தில் போனதே, இதனாலா என்று கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாது, ஆனால் இது இருந்தால் குறைமாதத்தில் பிறக்கிற வாய்ப்பு கூடும், இந்தத் தடவை விடக் கூடாது என்றார். எனக்கு ஓர் அட்டை, அவருக்கு ஓர் அட்டை. “குடிக்கிறவரா? மாத்திரை போடற நாள்ல தொட்டா குடலைப் புரட்டி வாந்தி வரும், சொல்லி வெச்சிரு. ரெண்டு பேரும் முடிச்சு ஒரு வாரம் ஆகிற வரைக்கும் தனித்தனியாப் படுங்க.”

வீட்டுக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் நல்லசிவம் மாடு கட்டும் கட்டுத்தாரையில் மகராசனுக்குக் கொம்பு சீவிக்கொண்டிருந்தார். மகராசன் எங்கள் மயிலைக்காளை. சுற்றுவட்டாரத்துப் பசுக்களெல்லாம் சினைக்கு வந்தால் அதனிடம்தான் ஓட்டிக்கொண்டு வருவார்கள். இவரை ஊரில் நல்லசிவம் என்று யாரும் சொல்லுவதில்லை, காளைக்காரர்தான். டாக்டரம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். முடிப்பதற்குள் கன்னத்தில் அறை விழுந்தது.

“எவன்கிட்ட வாங்கீட்டு வந்து என்ற தலையில கட்டறே? மில்லு ஆஸ்டல்ல கெடந்தவதானே நீ?”

இரண்டாவது அறைக்குக் கை வந்தபோது கையைப் பிடித்துக் கடித்துவிட்டேன். ரத்தம் வந்தது. உப்புக் கரித்தது.

கல்யாணத்துக்கு முன்பு மில் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்த இரண்டு வருடத்தைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. எழுத ஒன்றும் இல்லை.

ஜூன் 10

கன்னம் பணியாரம் போல வீங்கியிருக்கிறது. மாத்திரை போட்டால் நாக்கில் இரும்பை நக்கிய ருசி. அவருடைய அட்டையைக் கண்ணாடி ஸ்டாண்டில் சீப்புக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். சீப்பை எடுத்தார், தலையைச் சீவினார், போய்விட்டார்.

ஜூன் 13, வெள்ளி

கிழக்காலத் தோட்டத்துச் சாமியப்பன் அண்ணன் வந்து வாசலில் கத்தினார். அவருடைய செவலைப் பசு மாதம் நிறையாமலே கன்று வீசிவிட்டதாம். மகராசனிடம் சேர்த்த மாடு. இந்த வருடம் இப்படி ஆவது இது முதல் தடவை இல்லை. மற்ற மாடுகள் சினையே பிடிக்காமல் திரும்பத் திரும்பக் கத்துகின்றன.

“உன்ற காளையிலதான் ஏதோ கோளாறு, நல்லசிவம்!”

“என்ற காளையப் பாருங்க! ராசா மாதர நிக்குது. தீனி எடுக்குது, மொறைக்குது. நோவு இருந்தா இப்படி நிக்குமா? உங்க மாட்டுலதான் கோளாறு. ஒழுங்கா வெச்சுக்கத் துப்பில்ல!”

துப்பு என்ற சொல் விழுந்ததும் சாமியப்பன் அண்ணன் சட்டையைப் பிடித்தார். இவர் முளைக்குச்சியைப் பிடுங்கி ஓங்கி வீசினார். அவர் விலகியதால் தலை தப்பியது, தோள்பட்டையில் விழுந்தது. அத்தை நடுவில் புகுந்து இரண்டு பேரையும் வைத வசவில் கட்டுத்தாரையே அடங்கிவிட்டது.

இவர் சொன்னதையே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நோவு இருந்தால் இப்படி நிற்குமா. முந்தாநாள் மாத்திரை போடச் சொன்னபோது என்னிடமும் தன்னைப் பற்றி இதையேதான் சொன்னார்.

ஜூன் 17

என் மாத்திரை முடிந்தது. அரிப்பு இல்லை, நாற்றம் இல்லை. அவருடைய அட்டை பிரிக்காமல் கிடக்கிறது.

அத்தையின் அறையில் படுக்கிறேன், கதவுக்கு உள்தாழ். அத்தை இன்று வெற்றிலை மென்றபடி சொன்னார்: “எனக்கும்தான் நாலு பெத்த காலம் பூரா இந்த வெள்ளப்பாடு இருந்துச்சு. உங்க மாமனும் சந்தைக்குப் போனா நாலு நாளைக்கு வரமாட்டாரு. நானென்ன ஊரக் கூட்டுனனா? போச்சாது, உடு புள்ள.”

அப்புறம் வெகுநேரம் மெல்லவே இல்லை.

இவரும் சந்தைக்குப் போனால் நான்கு நாள்தான். அதை நான் கேட்டதில்லை. கேட்டால் மில்லைக் கேட்பார்.

ஜூன் 20, வெள்ளி

சாமியப்பன் அண்ணன் விடவில்லை, மாட்டு டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். சின்ன வயசுக்காரர். காளையின் குறித்தோலுக்குள் தண்ணீர் விட்டுக் கழுவி எடுத்துப் பரிசோதிக்க வேண்டுமாம். மகராசன் விடுமா? கட்டியிருந்த மரத்தடுப்பை ஒரே முட்டில் உடைத்தது. உதவிக்கு வந்தவர் தொடையில் கொம்பு கிழித்து, வேட்டி முழுக்க ரத்தம். இவர் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து இழுத்து, “சாமி, என்ற தங்கமே, நில்லு கண்ணு” என்று கெஞ்சினார். கல்யாணம் கட்டி நான்கு வருடத்தில் எனக்கு ஒரு கண்ணு கிடைத்ததில்லை.

ஜூன் 27, வெள்ளி

முடிவு வந்துவிட்டது. மாட்டு டாக்டர் வாசலில் நின்றபடியே சொன்னார். காளைக்கும் டிரைக்கோமோனாஸ். மனிதருக்கு வருவது வேறு இனம், மாட்டுக்கு வருவது வேறு இனம், அதிலிருந்து இதற்கு ஒட்டாது. ஆனால் பங்காளி உறவு.

“காளைக்கு ஒரு அடையாளமும் தெரியாதுங்க. நல்லாத்தான் இருக்கும். சேர்ற பசுவுக்கெல்லாம் குடுத்துரும். பசு கன்னு வீசிரும், இல்லாட்டி சினையே நிக்காது.”

இவர் அப்படியே தொட்டியோரம் குந்திவிட்டார். டாக்டரம்மா சொன்னதற்குக் கையை ஓங்கிய மனுஷன், மாட்டு டாக்டர் சொன்னதை மறுக்காமல் நம்பினார். “இதுக்கு மாத்தர இல்லீங்களா?” என்று கேட்டார்.

“மனுசருக்கு இருக்கு, போயிரும். காளைக்குச் சரிப்படாது. வயசான காளைன்னா தோல் மடிப்புலயே தங்கிரும். இனி எந்த மாட்டுக்கும் சேர்க்காதீங்க.”

டாக்டர் போனதும் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. “கேட்டுக்கிட்டீங்களா? பாக்க நல்லாத்தான் இருக்குமாம். கன்னு வீசறது பசுதானாம். பசு மேல எந்தத் தப்பும் இல்லியாம்!” என்றேன்.

கையில் இருந்த, மாடு ஓட்டும் தார்க்குச்சியை ஓங்கினார். ஓங்கிய கை ஓங்கியபடியே நின்றது. பிறகு அதைச் சுவரில் அடித்து இரண்டாக உடைத்துவிட்டுப் போனார்.

ஜூலை 1

அட்டையைப் பிரித்திருக்கிறார்! காலையில் பார்த்தேன், மாத்திரை குறைந்திருக்கிறது. ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் முறுக்கிக்கொள்வார், அந்த ஜாதி மனுஷன்.

ஜூலை 3

இன்னும் குறைந்திருக்கிறது. வாழைத்தாரிலும் தினம் பழம் குறைகிறது. வெறும் வயிற்றில் போட்டால் புரட்டும், பழத்தோடு போடுகிறார் போல. நல்லதுதான். மத்தியானம் அவருக்குப் பிடித்த அரிசிம்பருப்பு சோறு வைத்து நெய் ஊற்றினேன். தட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

ஜூலை 5, சனி

சொந்தத்தில் ஒறம்பரைக் கல்யாணம் ஒன்றுக்குப் போய்விட்டு நன்றாக ஊற்றிக்கொண்டு வந்திருக்கிறார். மாத்திரை போடும் நாளில் குடித்தால் வாந்தி என்றார்களே, சொம்பில் தண்ணீரும் கையுமாகப் பின்னாலேயே போனேன். ஒன்றும் ஆகவில்லை. நட்டு வைத்த கல் மாதிரி நின்று மகராசனுக்குத் தவிடு கலக்கினார். உடம்பு வாகு சிலருக்கு அப்படி இருக்கும் போல.

ஜூலை 15

அட்டை முடிந்து ஒரு வாரம் ஆகிவிட்டது, டாக்டரம்மா சொன்ன வாரம். தாழைத் திறந்தேன். மேற்கொண்டு எழுதமாட்டேன். வயிற்றில் கை வைத்துக்கொண்டு, “பையனா, பொட்டப்புள்ளையா?” என்று கேட்டார். யாராயிருந்தாலும் உங்களை மாதிரி முரடாக இருக்கக் கூடாது என்றேன்.

ஜூலை 24

வெயில் அதிகம். கொஞ்சம் அரிப்பு. சூடாக இருக்கும். இளநீர் குடித்தேன்.

ஜூலை 26

சூடுதான்.

ஜூலை 27, ஞாயிறு

எழுத்து கோணல் மாணலாகப் போகிறது, போகட்டும்.

காலை பத்து மணிக்கு வாசல் நிறைய ஆட்கள். சாமியப்பன் அண்ணன், அவர் சம்பந்தி, பக்கத்து ஊர்க்காரர்கள், கையில் தடிகள். இவர் போன வாரம் யாருக்கும் தெரியாமல் மகராசனைப் பக்கத்து ஊருக்கு ஓட்டிப்போய் ஒரு பசுவோடு சேர்த்திருக்கிறார். அது சாமியப்பன் அண்ணனின் சம்பந்தி வீட்டுப் பசு என்பது இவருக்குத் தெரியவில்லை.

முதலில் பேச்சுதான். அப்புறம் யாரோ தள்ள, இவர் திருப்பித் தள்ள, தடி விழ ஆரம்பித்துவிட்டது. நெற்றி உடைந்து ரத்தம் கண்ணுக்குள் வழிந்தது. அப்போதும் மகராசனுக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார். அத்தை மண்ணை வாரித் தூற்றினார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“நோவு புடிச்ச காளையக் கொண்டாந்து சேத்தறயே, நீயெல்லாம் மனுசனாடா?”

“நோவு போயிருச்சுங்க! மருந்து குடுத்தாச்சு!” இவர் தொண்டை கிழியக் கத்தினார். “மாத்தர, மனுசங்க சாப்படற மாத்தர! ஆசுபத்திரி மாத்தர! என்ற கையால, வாழப்பழத்துக்குள்ள வெச்சு, ஒரு அட்ட பூரா குடுத்தேன்! இனி ஒண்ணும் இல்ல!”

வாழைத்தார் கண்ணுக்குள் வந்தது. நெய் ஊற்றிய சோறு வந்தது. சொம்பும் கையுமாக நான் பின்னால் போனது வந்தது. திறந்த தாழ் வந்தது. இரண்டு தடவை நான் சூடு என்று எழுதியது வந்தது.

தொட்டியோரம் புதுத் தார்க்குச்சி கிடந்தது. எடுத்தேன். கூட்டம் விலகிவிட்டது. என்ன முகமோ அது, தடி வைத்திருந்தவனே விலகினான். முதல் அடி இவர் முதுகில். இரண்டாவது தோளில். “காளைக்குக் குடுத்தியாடா? எம் புள்ளைக்கு வெச்சத காளைக்குக் குடுத்தியாடா?” டா என்றேன். ஊரே கேட்டது. கேட்கட்டும். குச்சி உடைந்தது, கையால் அடித்தேன். இவர் தடுக்கவில்லை. அத்தைதான் பின்னாலிருந்து கட்டிப் பிடித்து, “வவுத்துல உசுரு இருக்குது சாமி, உட்ரு, உட்ரு” என்று இழுத்தார்.

மகராசன் அப்போதும் ராசா மாதிரிதான் நின்றது. அசை போட்டுக்கொண்டிருந்தது.

ஜூலை 28

டாக்டரம்மா. அதே பஞ்சுக்குச்சி. அதே வால்.

“ஒரு தடவ வந்து போச்சுன்னா இனி வராதுன்னு இல்லம்மா. எத்தன தடவ வேணாலும் வரும். அவர் சாப்பிடாத வரைக்கும் உனக்குத் தீராது.” போன மாதம் என் கன்னத்தில் விரல் பதிந்திருந்ததை யாரோ பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள் போல, அதென்ன என்றார். மாடு தள்ளிவிட்டது என்றேன். “மாட்டுக்கு அஞ்சு வெரல் இருக்கா?” என்று கேட்டுவிட்டு, தன் போன் நம்பரை என் அட்டையின் பின்னால் எழுதிக் கொடுத்தார்.

இந்த முறை இரண்டு அட்டையும் என் முந்தானையில் முடிந்திருக்கிறது.

ஆகஸ்ட் 1, வெள்ளி

மகராசன் போய்விட்டது. அடிமாட்டு வண்டிதான். வேறு யார் வாங்குவார்கள்? பலகையில் ஏற்றும்போது ஒருத்தரை லாரியோடு சேர்த்து நசுக்கியது, விலா எலும்பு உடைந்திருக்கும் போல அலறினார். நான்கு பேர் கயிறு போட்டும் ஏறவில்லை. கடைசியில் இவர்தான் கிட்டே போய், தவிட்டுக் கையை நீட்டி, “வா கண்ணு” என்றார். அது நம்பி ஏறிவிட்டது. வண்டி திரும்பும் வரைக்கும் நின்றவர், அப்புறம் தலையைத் தொட்டிச் சுவரில் முட்டி முட்டி அழுதார். ஆறிக்கொண்டிருந்த நெற்றி மறுபடி உடைந்தது.

எனக்கும் அழுகை வந்தது. மாட்டுக்காக.

சாயங்காலம் அவர் முன்னால் மாத்திரையை வைத்தேன். “காளையவே வித்துட்டேன், இன்னும் என்ன? காளை போச்சு, நோவும் போச்சு” என்று தட்டிவிட்டார். மாத்திரை சாணிக்குள் உருண்டது. மிச்சத்தை மறுபடி முடிந்துகொண்டேன்.

ஆகஸ்ட் 8

வலி. இடுப்பிலிருந்து தொடைக்கு. ஏழாம் மாதம். போன தடவையும் இப்படித்தான்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பெரிய ஆசுபத்திரியில் படுத்திருக்கிறேன். ஊசி போட்டு வலியை நிறுத்தியிருக்கிறார்கள். பிள்ளையின் நுரையீரலுக்கும் ஊசி. டாக்டரம்மா போன் செய்து இங்கே எல்லாம் சொல்லிவிட்டாராம். அசையக் கூடாது என்று கட்டளை. அசைய முடியாததால் கோபம் இரண்டு மடங்கு.

மத்தியானம் இவர் வந்தார். நெற்றியில் பிளாஸ்திரி, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். ஆசுபத்திரிக்கு வெறுங்கையோடு வரக் கூடாதல்லவா? நான் பழத்தைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். எதை வாங்கி வந்திருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும், முகம் கறுத்துவிட்டது.

“உக்காருங்க” என்றேன். ஒரு பழத்தை உரித்தேன். முந்தானை முடிச்சை அவிழ்த்து, மாத்திரையை எடுத்து, பழத்துக்குள் விரலால் அழுத்தினேன்.

“ஆ காட்டுங்க.”

“யமுனா, எல்லாரும் பாக்கறாங்க புள்ள.”

“பாக்கட்டும். ஊரு பாக்கத்தானே நானும் வீங்குன கன்னத்தோட திரிஞ்சேன். தொறங்க.”

வார்டு முழுக்கப் பெண்கள். எதிர்க் கட்டில் அக்கா பால் டம்ளரைப் பிடித்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். இவர் வாயைத் திறந்தார். ஊட்டினேன். மென்றார், கசந்திருக்கும், கண்ணில் தண்ணீர் வந்தது.

“நாக்கத் தூக்குங்க. மகராசனுக்கு அப்படித்தானே பாப்பீங்க?”

தூக்கிக் காட்டினார். ஆயா ஒருத்தி கொல்லென்று சிரித்துவிட்டாள். அவர் கோபப்படவில்லை.

“யாருகிட்ட இருந்து யாருக்கு வந்துச்சுன்னு கேக்க மாட்டியா?” என்றார், மிகவும் தாழ்ந்த குரலில்.

“நீங்களும் கேக்காதீங்க, நானும் கேக்கல” என்றேன், உடனே. அவ்வளவு வேகமாக ஏன் சொன்னேன் என்று இங்கே எழுதப் போவதில்லை.

நாளைக்கும் வரச் சொல்லியிருக்கிறேன். வருவார். பழம் வாங்க வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 17

முடிந்தது அட்டை. எல்லாம் என் கையால், எல்லாம் என் கண் முன்னால். எனக்கும் முடிந்தது.

செப்டம்பர் 14, ஞாயிறு

வீட்டுக்கு வந்தாகிவிட்டது. திரும்பப் பரிசோதித்தார்கள், வால் ஒன்றும் இல்லை. அத்தையும் போன வாரம் யாருக்கும் தெரியாமல் டாக்டரம்மாவிடம் போய்விட்டு வந்திருக்கிறார். வெற்றிலைப் பையில் ஓர் அட்டை பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். பையைச் சுருக்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

நேற்று சோற்றில் கல் என்று இவர் கையை ஓங்கினார். நான் எழுந்திருக்கக்கூட இல்லை, பக்கத்தில் சாய்த்து வைத்திருக்கும் தார்க்குச்சியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். கை இறங்கிவிட்டது. கல்லைத் துப்பிவிட்டுச் சாப்பிட்டார். எத்தனை நாளைக்கு இறங்கும் என்று தெரியாது. டாக்டரம்மா நம்பர் மனப்பாடம்.

எட்டாம் மாதம் நடக்கிறது. போன பிள்ளை இதுவரைக்கும் வரவில்லை. இது காலையிலிருந்து விலாவில் குத்துகிறது, புரள்கிறது, எட்டி எட்டி உதைக்கிறது. எழுதுகிற கைகூட ஆடுகிறது. உதைடா, நன்றாக உதை என்கிறேன். இந்த வீட்டில் நான் ஆசையாக வாங்கும் உதை இது ஒன்றுதான்.